பெட்டியும் கொத்தும்: கல்கத்தா தந்த ஒரு கணக்கின் வரலாறு

கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் என் பேத்தி ஒருநாள், "தாத்தா, கிளாசிபிகேஷன், கிளஸ்டரிங் ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் பிரிச்சுத்தானே வைக்கிறோம்?" என்று கேட்டாள். "ஒண்ணில்லம்மா. அந்த வித்தியாசத்துல பல பேரோட வாழ்க்கையே மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. பாதிக் கதை நம்ம கல்கத்தாவுலதான் நடந்தது" என்றேன். அவளுக்குச் சொன்னதையே சங்க மலருக்காக இங்கே எழுதுகிறேன்.

வகைப்படுத்தலில் பெயர் ஒட்டிய பெட்டிகள் முன்பே இருக்கும். வருகிற பொருள் எந்தப் பெட்டிக்கு உரியது என்று முடிவு செய்வதே வேலை. கொத்தாக்கத்தில் பெட்டியே கிடையாது. எது எதற்கு அருகில் இருக்கிறது என்று பார்த்து ஒத்தவற்றைச் சேர்ப்போம், பெயர் பிறகுதான்.

நம் லேக் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் இங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று யாரும் பலகை வைக்கவில்லை. ஒருவர் வந்தார், அவர் மச்சினர் வந்தார், காப்பிக்கொட்டை வறுக்கும் கடை வந்தது, தெருவே அப்படி ஆகிவிட்டது. அது கொத்து. 1974-இல் நான் வந்திறங்கிய புதிதில் ஓர் அலுவலகத்தில் படிவம் கொடுத்தேன். எனக்கு முன்னால் நின்ற விஜயவாடாக்காரர், பின்னால் நின்ற பாலக்காட்டுக்காரர், திருநெல்வேலிக்காரனான நான், மூன்று பேருக்கும் குமாஸ்தா ஒரே சொல்தான் எழுதினார்: "மாத்ராஜி". அது பெட்டி.

எனக்கு அது சிரிப்போடு போயிற்று. எல்லோருக்கும் அப்படி இல்லை. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், எந்தக் குலத்தில் பிறந்தார் என்று பார்த்தே கைரேகை வாங்கினார்கள். அதை எதிர்த்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் போலீசார் சுட்டதில் 16 பேர் மாண்டனர். பெட்டி முன்னே, ஆள் பின்னே என்றால் வருகிற விளைவு இதுதான்.

இதே காலத்தில் 1901 குடிக்கணக்கை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து இந்தியரை இனவகைகளாகப் பிரிக்கலாம் என்று நம்பினார். ஓரிரண்டு அளவை வைத்து மனிதனை எடை போடலாமா?

இந்த இடத்தில்தான் மாநிலக் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் வருகிறார். 1920-இல் நாகபுரியில் நடந்த அறிவியல் மாநாட்டில், விலங்கியல் ஆய்வுத் துறை இயக்குநர் நெல்சன் அன்னண்டேல், கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உடல் அளவுகளை ஆராய்ந்து தரும்படி அவரைக் கேட்டார். அந்த வேலையில்தான் 'தூரம்' என்ற எண்ணம் முளைத்தது. உயரமானவருக்குக் காலும் நீளமாகத்தான் இருக்கும்; இரண்டையும் தனித்தனியே எண்ணினால் ஒரே செய்தியை இருமுறை எண்ணியதாகும். இந்தத் தொடர்பைக் கழித்துவிட்டு இரு குழுக்களுக்கு இடையிலான உண்மையான இடைவெளியைச் சொல்லும் சூத்திரத்தை அவர் 1936-இல் முழு வடிவில் வெளியிட்டார். இன்று உலகமே அதை மகலனோபிஸ் தூரம் என்கிறது. இதற்கிடையே 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1933-இல் 'சாங்க்யா' இதழில் ரிஸ்லியின் வங்காள அளவுகளை மறுபரிசீலனையும் செய்தார்.

அதே 1936-இல் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர் 150 ஐரிஸ் பூக்களை எடுத்துக்கொண்டார். மூன்று இனம், இனத்துக்கு 50 பூ, பூவுக்கு நான்கு அளவு. இனப்பெயர் முன்பே தெரியும். அளவைக் கொண்டு இனங்களைப் பிரித்தறிவது எப்படி என்பதே கேள்வி. இது சுத்தமான வகைப்படுத்தல். பெயர்களை மறைத்துவிட்டு அதே பூக்களைக் கொத்தாக்கிப் பாருங்கள். ஓர் இனம் பளிச்சென்று பிரியும், மற்ற இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பெட்டி மூன்று, கண்ணுக்குத் தெரியும் கொத்தோ இரண்டு!

1941-இல் ஐக்கிய மாகாணத்தில் எடுத்த உடல் அளவுகளை மகலனோபிஸ், மஜும்தார், சி. ஆர். ராவ் மூவரும் ஆராய்ந்து 1949-இல் வெளியிட்டனர். குழுக்களுக்கிடையே தூரம் கணக்கிட்டு, அருகில் உள்ளவற்றைக் கொத்தாகச் சேர்த்தார்கள். 2023-இல் 102 வயதில் மறைந்த ராவ், 1948-இல் வகைப்படுத்தலுக்கும் தனியே வழி வகுத்தவர். இரண்டு கருவியும் ஒரே கையில் இருந்தன.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த ஆய்வில் கொத்தாக்கியது தனி மனிதர்களை அல்ல, சாதிப் பெயரோடு வந்த குழுக்களை. ஆக, கொத்துக்குள்ளேயும் பழைய பெட்டி ஒளிந்திருக்கலாம். எத்தனை கொத்து, அதற்கு என்ன பெயர் என்பதையும் கணக்குப் போடுகிறவர்தான் முடிவு செய்கிறார்.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னையில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் நீங்கியது. ஒட்டிய பெயர் அத்தனை சீக்கிரம் உதிரவில்லை. இன்று கடன் கொடுப்பதா, வேலை கொடுப்பதா என்பதைக்கூடக் கணினி வகைப்படுத்திச் சொல்கிறது. அது பழைய பதிவுகளைப் பார்த்துப் படித்த பிள்ளை. பதிவில் பெயர் தவறானால் அதுவும் தவறையே ஒப்பிக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பேத்தி, "அப்போ முதல்ல பெட்டியில பேர் எழுதினது யாருன்னு கேக்கணும், இல்லையா தாத்தா?" என்றாள். நம் பிள்ளைகள் பலர் இன்று இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் இதைக் கேட்கட்டும்.