வனஸ்பதி: டால்டா டின் முதல் பஃப்ஸ் வரை

நகரத்துப் பிள்ளைகள் மாலையில் வாங்கித் தின்னும் பஃப்ஸ், கேக், க்ரீம் பிஸ்கட் ஆகியவற்றின் வழியே உடலில் சேரும் ட்ரான்ஸ் கொழுப்பின் பெரும்பகுதி தொழிற்சாலையில் உருவாவது. பாலிலும் நெய்யிலும் இயற்கையாக இருப்பது சிறிதளவே.

நிக்கல் வினையூக்கியின் உதவியால் திரவ எண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து அதைக் கெட்டியாக்கலாம் என்பதை 1901-இல் ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் செய்து காட்டினார். இதற்கு வழிகோலிய ஆய்வுகளுக்காகப் பிரெஞ்சு அறிஞர் பால் சபாத்தியே 1912-இல் நோபல் பரிசு பெற்றார். வினையூக்கிக்கு எடுத்துக்காட்டாக வனஸ்பதியைத்தான் நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தினேன். வினை பாதியில் நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதை நடத்தவில்லை. அப்போது மீதமுள்ள இரட்டைப் பிணைப்புகளில் சில வடிவம் மாறிவிடுகின்றன. வளைந்திருந்த மூலக்கூறு ஏறத்தாழ நேராகி நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது. அதுவே ட்ரான்ஸ் கொழுப்பு.

இந்தியாவில் டால்டா 1937-இல் விற்பனைக்கு வந்தது. நெய் வாங்க இயலாத குடும்பங்களுக்கு மஞ்சள் டின்னில் வந்த அந்த வெள்ளைக் கொழுப்பு கைகொடுத்தது. நாளடைவில் எந்த நிறுவனத்தின் வனஸ்பதியையும் மக்கள் டால்டா என்றே சொல்லலாயினர். காலியான டின் அரிசி, பருப்பு வைக்கவும், அதன்பின் துளசிச் செடி வளர்க்கவும் பயன்பட்டதை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

நெய்யில் வனஸ்பதி கலப்பது பெரிய புகாராக எழுந்தது. அதைக் கண்டுபிடிக்க அரசு ஒரு நல்ல வழி செய்தது. வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. கலப்பட நெய்யுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெயில் உள்ள பொருளால் அமிலம் சிவக்கும். இது போடவான் சோதனை எனப்படும். இந்த விதி நெய்யின் தூய்மையைக் காப்பதற்கானது; வனஸ்பதி உண்பவரின் இதயம் அதில் பேசப்படவில்லை.

1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு நிலைமையை மாற்றியது. ட்ரான்ஸ் கொழுப்பு தீய கொலஸ்ட்ராலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்கிறது என அது காட்டியது. டென்மார்க் 2003-இல் சட்டம் இயற்றி 2 விழுக்காடு வரம்பு விதித்தது. இந்தியா 10, 5, 3 எனப் படிப்படியாக இறங்கி 2022 ஜனவரியில்தான் எண்ணெய், கொழுப்புகளுக்கு 2 விழுக்காட்டை எட்டியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையே பேக்கரி வாசலில் வளர்ந்துவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவர் 2.2 கிராமுக்கும் குறைவான ட்ரான்ஸ் கொழுப்பே கொள்ளலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பஃப்ஸில் 15 கிராம் கொழுப்பு இருப்பதாகக் கொள்வோம். பழைய 10 விழுக்காட்டு வனஸ்பதியில் செய்திருந்தால் அதில் 1.5 கிராம் ட்ரான்ஸ் கொழுப்பு. இரண்டு தின்றால் அன்றைய அளவு தாண்டிவிடும். 2 விழுக்காடு என்றால் ஒன்றுக்கு 0.3 கிராம்தான்.

உறையிட்ட பண்டமானால் 'ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு' என்ற சொல்லை மாணவர்கள் தேடிப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் பஃப்ஸில் படிக்க எதுவும் இல்லை. கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். வனஸ்பதிக்கு மாற்றாகப் பல இடங்களில் பாமாயில் வந்திருக்கிறது. அதில் ட்ரான்ஸ் கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு.