ஊட்டுவோர் உண்ணும் வேளை

நோயாளி எதை உண்ண வேண்டும், எவ்வளவு உண்ண வேண்டும் என்பதைப் பற்றி நம் நாட்டில் நெடுங்காலமாகவே சிந்தித்து வந்திருக்கின்றனர். பத்தியம் என்னும் சொல்லை அறியாத வீடு இல்லை. ஆயினும், அந்நோயாளியின் அருகில் நின்று கஞ்சி புகட்டும் தாதி எப்பொழுது உண்டாள், என்ன உண்டாள் என்று கேட்டவர் மிகச் சிலரே. அக்கேள்வி நம் நாட்டில் எவ்வாறு மெல்ல உருவாயிற்று என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகிறோம்.

பண்டை மருத்துவ நூலாகிய சரக ஸம்ஹிதை, மருத்துவத்துக்கு நான்கு கால்கள் உண்டு என்று வகுக்கிறது. மருத்துவன், மருந்து, பணிவிடை செய்வோன், நோயாளி என்பனவே அவை. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் இந்நான்கையும் எண்ணுகிறார். அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியது என்பதும் நினைக்கத் தக்கது. நான்கு கால்களில் ஒன்று தளர்ந்தால் கட்டில் சாயும். எனவே, பணிவிடை செய்வோனின் உடல் வலிமையும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. அதனை அளந்து காட்டும் கருவிதான் நெடுநாள் இல்லாதிருந்தது.

அக்கருவி இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. 1918ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டியர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைக் குறித்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய உணவை உண்டவை மெலிந்தன. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைப் பட்டியலிட்டு 1937இல் ஒரு நூலை வெளியிட்டார். 1944ஆம் ஆண்டில் இந்தியருக்கு ஏற்ற உணவளவுகள் முதன்முறையாக வகுக்கப்பட்டன. குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. உழைப்புக்கு ஏற்ப உணவு என்னும் கொள்கை இவ்வாறு எண்களில் நிலைபெற்றது.

இதே காலத்தில் மருத்துவமனையில் உழைத்தோரின் நிலை யாது? 1943இல் அமைக்கப்பெற்று, 1946இல் தன் அறிக்கையை அளித்த ஸர் ஜோஸப் போர் அவர்களின் குழு அதனை ஆராய்ந்தது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவரும், 43,000 மக்களுக்கு ஒரு தாதியும் இருந்தனர். அதாவது, ஏறத்தாழ ஏழு மருத்துவர்களுக்கு ஒரு தாதி! உணவைப் பற்றிய செய்தி இவ்வெண்களில் இல்லைபோலத் தோன்றலாம். ஆனால், ஒருத்தி உண்ணச் செல்ல வேண்டுமாயின், அவ்விடத்தில் நிற்க இன்னொருத்தி வேண்டும். அந்த இன்னொருத்தி இல்லாத இடத்தில், உணவு இருந்தும் உண்ணும் வேளை இல்லை.

விடுதலைக்குப் பின் உழைப்பாளரின் உணவு வேளையைச் சட்டம் பாதுகாக்கத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், எந்தத் தொழிலாளியும் இடைவேளையின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது என்றும், அவ்விடைவேளை அரை மணிக்குக் குறையலாகாது என்றும் விதித்தது. 250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலைகளில் சிற்றுண்டிச்சாலை அமைக்கவும் அது வழி செய்தது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 150 பேர் உள்ள தோட்டங்களுக்கு அத்தகைய ஏற்பாட்டைக் கொணர்ந்தது. இச்சட்டங்கள் ஆலையையும் தோட்டத்தையும் கண்டன; நோயாளி படுத்திருக்கும் கூடத்தை அவை காணவில்லை. நெசவாலையில் தறியை நிறுத்தலாம். நோயை நிறுத்தி வைக்க இயலாதே என்பது அதற்குக் கூறத்தக்க சமாதானம். ஆனால் தறிக்குப் பதிலாள் தேடிய நாடு, தாதிக்கும் பதிலாள் தேடியிருக்கலாம்.

இங்கு நேயர்கள் வியப்புறத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவளவுப் பரிந்துரைகளோடு பிற்காலத்தில் வெளிவந்த தொழிற் பட்டியலில், ஆசிரியை, தையற்காரி முதலியோருடன் தாதியும் உட்கார்ந்து உழைக்கும் வகுப்பிலேயே சேர்க்கப்பட்டிருந்தாள். இரவெல்லாம் கட்டிலுக்குக் கட்டில் நடப்பவளை அமர்ந்திருப்பவளாக எண்ணியது அப்பட்டியல்! 2020ஆம் ஆண்டின் பரிந்துரைப்படி, அமர்ந்து உழைக்கும் பெண்ணுக்கு நாள்தோறும் 1,660 கலோரியும், நடுத்தர உழைப்புடைய பெண்ணுக்கு 2,130 கலோரியும் தேவை. இடையே உள்ளது 470 கலோரி. ஏறத்தாழ ஒரு வேளைச் சிற்றுணவு. அந்த ஒரு வேளை பட்டியலில் மறைந்ததுபோலவே, பணியிலும் மறைந்து வந்திருக்கிறது.

அவ்வேளையின் இடத்தை நிரப்பியது எது? சர்க்கரை மிகுந்த தேநீரும், எண்ணெயில் பொரித்த பண்டமுமே. இவை பசியை ஏமாற்றும், உடலை வளர்க்கா. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தச்சோகை உடையோர் எனக் கண்டது. தாதியரில் பெரும்பாலோர் பெண்கள். உணவோடு அருந்தும் தேநீர், அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்கனியும் அதற்குத் துணை செய்கின்றன. மேலும், இரவில் சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் நம் உடலுக்குக் குறைவு. ஆகவே, இரவுப் பணிக்குச் செல்வோர் முதன்மையான உணவைப் பணிக்கு முன்னரே உண்டு, நள்ளிரவில் சுண்டல், பழம், மோர் போன்ற எளியவற்றைக் கொள்வது நலம். வடக்கே ரொட்டியும் பருப்பும், கிழக்கே அவலும் தயிரும், தெற்கே இட்லியும் சாம்பாரும் இதற்கு ஏற்றவையே. புதுமையான உணவு எதையும் தேடிப் போக வேண்டுவதில்லை.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இவ்வரலாற்றின் உண்மையை யாவரும் காணுமாறு செய்தது. பாதுகாப்பு அங்கியை அணிந்தோர், அதைக் களைய இயலாமையால், பல மணி நேரம் நீரும் அருந்தாது நின்றனர். நாடு அவர்களைக் கைதட்டிப் போற்றியது. போற்றியது முறையே; ஆயினும் கரவொலி பசியாற்றுவதில்லை. அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொழிற்சாலை என்னும் எல்லையைக் கடந்து, 100 பேருக்குக் குறையாத பணியிடங்களில் உணவகம் அமைப்பதற்கு வழி வகுத்தது. அதனை மருத்துவமனைகளுக்கு எவ்வளவு தூரம் பொருத்துவது என்பது, விதி செய்வோரின் கருத்தைப் பொறுத்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது ஒன்றே. மருத்துவமனை ஊழியரின் உணவு அவரவர் விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று. அது நிர்வாகத்தின் கடமையுமாகும். நல்லுணவு உண்க என்று தாதிக்கு அறிவுரை கூறுமுன், அவளுக்கு அரை மணி நேரத்தையும், அந்நேரத்தில் அவளிடத்தில் நிற்க ஒருவரையும், இரவிலும் அணையாத ஓர் அடுப்பையும் அளித்தல் வேண்டும். நோயாளியின் உணவு நேரம் சீட்டில் எழுதப்படுகிறது. தாதியின் உணவு நேரமும் பணிமுறைப் பட்டியலில் எழுதப்படுமாயின், மருத்துவத்தின் நான்காவது காலும் உறுதியாக ஊன்றி நிற்கும்.