தட்டு தாமதிப்பது எங்கே?

அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை நாஞ்சில் நாட்டார் அறிவர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் படித்ததால் நம் வட்டாரத்தின் பழைய செய்திகள் பல வெளிவந்தன. அத்தகைய ஏடுகளிலிருந்து ஒரு செய்தியை எடுக்கும்போது, வரியைப் படிக்க ஆகும் நேரம் சிறிது. உரிய கட்டைத் தேடிக் கயிற்றை அவிழ்த்து உரிய ஏட்டை அடையும் நேரமே பெரிது. கணிப்பொறியின் காந்தத் தட்டிலும் இதே நிலைதான்.

1956இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் முதல் தட்டுக் கணிப்பொறியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். ஒரு செய்தியை அடையச் சராசரியாக 600 மில்லி வினாடி ஆயிற்று. இந்த நேரம் எங்கே போயிற்று? தட்டு நிமிடத்திற்கு 1200 முறை சுழன்றது. ஆகவே ஒரு சுற்றுக்கு 50 மில்லி வினாடி. நாம் தேடும் இடம் படிக்கும் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 25 மில்லி வினாடி, காத்திருக்க வேண்டும். எஞ்சியதில் பெரும்பகுதியை விழுங்கியது கைதான்! ஒரே கை மேலும் கீழும் ஏறியிறங்கி 50 தட்டுகளுக்கும் பணி செய்தது. 1961இல் வந்த 1301 பொறியில் ஒவ்வொரு பரப்புக்கும் தனி முனை வைத்தார்கள். ஏறியிறங்கும் வேலை ஒழிந்தது. காலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. நோயின் இருப்பிடம் தெரிந்ததால்தான் மருந்து பலித்தது.

சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மனியின் உதவியுடன் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி வந்தது 1973இல். அக்காலத்துச் சிறந்த தட்டுகளுள் ஒன்றான 3330, நிமிடத்திற்கு 3600 முறை சுழன்றது. கை நகர 30 மில்லி வினாடி, அரைச் சுற்றுக்கு 8.3; ஆக ஏறத்தாழ 38. அதற்குள் கணிப்பொறி பல ஆயிரம் கட்டளைகளை முடித்துவிடும். எனவே தட்டை விரைவாக்குவதோடு, தட்டை நாடும் முறைகளைக் குறைப்பதும் தேவையாயிற்று. போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய பேயரும் மெக்ரைட்டும் 1970களின் தொடக்கத்தில் வகுத்த 'பி-மரம்' என்னும் அட்டவணை முறை இதற்காகவே பிறந்தது. பத்து இலட்சம் பதிவுகளில் ஒன்றை மூன்று நான்கு படிப்புகளில் அது கண்டுபிடித்துவிடும். இன்றைய தகவல் தளங்களுக்கும் அதுவே அடிப்படை.

அட்டவணை நன்றாக இருந்தும் தாமதமா? வரிசையைப் பார்க்க வேண்டும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டில் கை நகர 9, அரைச் சுற்றுக்கு 4, ஆக 13 மில்லி வினாடி என்று கொண்டால், சிதறிக் கிடக்கும் செய்திகளை வினாடிக்கு 75 அளவிலேயே படிக்க முடியும். கேள்விகள் 100 வந்தால்? பண்டிகைக் காலத்து நாகர்கோவில் இரயில் நிலையச் சாளரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தர் வேகமாகத்தான் வேலை செய்கிறார்; நின்ற நேரமே நம்மைக் களைப்பாக்குகிறது. நின்ற நேரத்தையும் வேலை நேரத்தையும் பிரித்து அளக்காமல் 'தட்டு மெது' என்று பழி சொல்வது எளிது. புதுத் தட்டு வாங்கியும் பயனில்லாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

சில வேளைகளில் குற்றம் தட்டுக்கும் வரிசைக்கும் வெளியே இருக்கும். 2008 டிசம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், வேலை செய்துகொண்டிருந்த தட்டு அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தினார். தாமதத்தை வரையும் திரையில் உடனே புள்ளிகள் மேலே எகிறின. வேடிக்கை அல்ல, இயற்பியல்தான். தகவல் தடத்தின் அகலம் மைக்ரோமீட்டரிலும் குறைவு. ஒலியலை முனையைச் சற்றே அசைத்தாலும் தடம் தவறிவிடும். தவறினால் அடுத்த முழுச் சுற்றுவரை, அதாவது 8.3 மில்லி வினாடி, காத்திருக்க வேண்டும். சராசரிக் கணக்கு இதை மறைத்திருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை அந்தத் திரை தனித்தனியே காட்டியதால்தான் பிடிபட்டது.

ஒலியின் வலிமை கூடினால் தாமதத்தோடு நிற்பதில்லை. 2016 செப்டம்பரில் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில், ஐ.என்.ஜி. வங்கியின் கணிப்பொறி மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. தீயை அணைக்கும் மந்த வாயு குழாய்களிலிருந்து சீறி வந்தபோது எழுந்த பேரொலியில் ஏராளமான தட்டுகள் பழுதாயின. அட்டையால் பணம் செலுத்துவதும் தானியங்கிப் பணப் பொறிகளும் சுமார் 10 மணி நேரம் நின்றன. வாயுவை ஓசை குறைத்து வெளியிடும் குழாய் முனைகள் இப்போது இத்தகைய மையங்களுக்கென்றே செய்யப்படுகின்றன.