கறுப்புத் தாடி ஷைலாக்

1983 ஏப்ரலில் ‘காந்தி’ படத்துக்காகப் பென் கிங்ஸ்லிக்கு ஆஸ்கர் கிடைத்தது. காந்தியின் இறுதி ஊர்வலக் காட்சிக்கு மட்டும் சுமார் 3 லட்சம் பேர் திரண்ட படம் அது. அதே ஆண்டில் கிங்ஸ்லி லண்டனிலும் நியூயார்க்கிலும் மேடையேறியபோது துணைக்கு ஓர் ஆள்கூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நடிகர் எட்மண்ட் கீனைப் பற்றி ரேமண்ட் ஃபிட்ஸ்சைமன்ஸ் எழுதிய ‘எட்மண்ட் கீன்’ என்ற ஓராள் நாடகம். கீனாகவும், கீன் நடித்த ஷேக்ஸ்பியர் பாத்திரங்களான ஷைலாக்காகவும், மூன்றாம் ரிச்சர்டாகவும் அவர் ஒருவரே மாறி மாறி நிற்க வேண்டும். பெரும் கூட்டத்துக்கு நடுவே நடித்துப் பேர் வாங்கிய கையோடு இப்படி ஒரு சவாலை ஏற்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

கீனுக்கும் அந்தத் துணிச்சல் இருந்தது.

குள்ள உருவம், ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்களில் அரை வயிற்றுச் சம்பளம். பர்மிங்காமிலிருந்து ஸ்வான்சீக்குக் கர்ப்பிணி மனைவியோடு நடந்தே போன காலமும் உண்டு. 1813 நவம்பரில் மூத்த மகன் ஹோவர்ட் நான்கு வயதில் இறந்துபோனான். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் மேடையேறினார்.

1814 ஜனவரி 26. வெளியே பனிச் சேறு. உள்ளே முக்கால்வாசி இருக்கைகள் காலி. யூத வட்டிக்காரன் ஷைலாக் என்றால் சிவப்புத் தாடி என்பதுதான் அதுவரை வழக்கம். கீன் கறுப்புத் தாடி ஒட்டிக்கொண்டு வந்தார். அவமானப்பட்டு அவமானப்பட்டு வெந்துபோன ஒரு மனிதனை அந்தக் கிழவனுக்குள் காட்டினார். பாதி நிரம்பாத அரங்கு அதிர்ந்தது. விமர்சகர் ஹாஸ்லிட் கொண்டாடி எழுதினார். கடனில் தத்தளித்த ட்ரூரி லேன் நிமிர்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் என்பதை மறந்துவிட்டு அந்த இரவை அளக்க முடியாது.

புகழோடு குடியும் வளர்ந்தது. 1825-இல் பிறன்மனை வழக்கில் 800 பவுண்டு நஷ்டஈடு கட்டினார். கைதட்டிய அதே லண்டன் ரசிகர்கள் ஆரஞ்சுத் தோலை வீசினார்கள்.

1833 மார்ச் 25 அன்று கோவன்ட் கார்டனில் கீன் ஒத்தெல்லோ. மகன் சார்லஸ் இயாகோ. பாதி நாடகத்தில் மகன் கைகளிலேயே சரிந்தார். மே 15-இல் உயிர் பிரிந்தது.

அவர் விட்டுப்போன ஒத்தெல்லோ வேடத்தில், அவர் இறப்பதற்கு முன்பே ஏப்ரல் 10 அன்று அதே மேடைக்கு வந்தவர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர். லண்டன் பத்திரிகைகள் அவர்மீது பாய்ந்தன. அவர் கதை அடுத்த வாரம்.