புள்ளிகளில் ஒரு கணினி அறை

அக்கா மகன் பழைய காலத்துக் கணினி அறை ஒன்றை வரைந்து காட்டினான். வரிசையாக மேசைகள், பழுப்பேறிய மானிட்டர்கள், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள். 'பிக்சல் ஆர்ட்' என்றான். "மாமா, உங்க ஸ்கூல் லேப் இப்படித்தான இருந்துச்சு?" இருந்துச்சுதான். ஆனால் படத்தில் ஆள் இல்லை. இந்த இன்மையை எப்படி வாசிப்பது என்பதே என் கேள்வி.

இந்த ஏக்கத்துக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்துகொண்ட கருவி பிபிசி மைக்ரோ. 1981இல் பிரிட்டிஷ் மக்களுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பதற்காக வந்தது. 'பி' மாடலின் நினைவகம் 32 கிலோபைட். வண்ணம் அதிகமுள்ள நிலையில் குறுக்கே 160, நெடுக்கே 256 என 40,960 புள்ளிகள். புள்ளிக்கு அரை பைட் வீதம் படமே 20 கிலோபைட்டைத் தின்றுவிடும். மற்ற எல்லாத்துக்கும் மீதி 12தான். இன்று அழகியலாகக் கொண்டாடப்படும் சிக்கனம் அன்று வெறும் கட்டாயம்.

நிறங்கள் எட்டு: கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சயான், வெள்ளை. பழுப்பு கிடையாது. அதாவது, எங்க ஊர்ப் பிள்ளையின் முகத்துக்கு அந்த இயந்திரத்தில் நிறமே இல்லை. சிவப்பையும் கறுப்பையும் மஞ்சளையும் மாற்றி மாற்றி வைத்துக் கண்ணை ஏமாற்ற வேண்டும். சிவகாசிக்காரனுக்கு இது புதுசில்ல. ஆஃப்செட்டில் அச்சான காலண்டர் முருகனின் கன்னமும் நாலு மையின் புள்ளிகள்தான். லென்ஸை வைத்தால் தெரிந்துவிடும்.

புள்ளி எண்ணி வரைவதை மேற்கின் கண்டுபிடிப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக்காட்டிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. வாசலில் பெண்கள் போட்டது அறிவியலின் பிரதியானது. ஆனாலும் வாசல் தெளித்த கைகளை நாம் 'கணிதம்' என்ற சொல்லோடு சேர்த்துப் பேசுவதில்லை.

இன்னொரு புள்ளிக்கட்டமும் எங்களிடம் இருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலில் கட்டை அடுக்குறது என்று ஒரு வேலை. பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். பிறகு மருந்தில் முக்குவார்கள். மேலிருந்து பார்த்தால் சிவப்புப் புள்ளிகளால் நிரம்பிய ஒரு திரை. அதை நிரப்பியவை பெரும்பாலும் பெண்களின், குழந்தைகளின் விரல்கள்.

ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1984இல் பள்ளிக்குக் கணினி. 1985இல், பள்ளிக்கூடங்களைத் திறந்தவரின் பெயரிலேயே காமராசர் மாவட்டம்; 1997இல்தான் விருதுநகர் மாவட்டம் ஆனது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம்: தீப்பெட்டி, பட்டாசு வேலையில் பதினாலு வயதுக்குக் கீழ் உள்ளோருக்குத் தடை, ஆனால் குடும்பத்தை வைத்து நடத்தும் பட்டறைக்கு விலக்கு. 1990இல் சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கின் தீர்ப்பு: விதிமீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். இந்த இரண்டு வரலாறுகளையும் யாரும் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை.

2000 வாக்கில் நான் படித்த பள்ளியின் கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகணும். தூசி ஆகாது என்றார்கள். ஒரு மிஷினுக்கு மூணு பேர். என் பக்கத்தில் உட்கார்ந்தவளை எலியைத் தொட விடமாட்டார்கள், விரலில் பசை காய்ந்திருக்கும் என்று. சாயங்காலம் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவள். சட்டத்தின் விலக்கு அந்த விரலில்தான் காய்ந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஏக்கம் தப்பில்லை. ஆனால் ஆளை நீக்கித்தான் ஒரு அறையை அழகாக்க முடியும் என்றால் அது யாருடைய ஏக்கம்? அக்கா மகனிடம் அவளையும் வரையச் சொன்னேன். "எந்தக் கலர் மாமா?" என்று கேட்டான். எட்டுக்குள் இல்லாத கலர் என்றேன்.