சேற்றின் வெண்படலமும் வரலாற்றின் தீர்ப்பும்

ஏரியடிச் சேற்றில் ஒட்சிசன் அருகும்போது, ஆங்கு வாழும் புழுக்களும் பூச்சிக் குடம்பிகளும் மடிகின்றன. அவ்விடத்தே படரும் வெண்படலத்தின்மீது பழிசுமத்துதல் எளிது. ஆயின், 1887இல் ஸ்ராஸ்பேர்க்கில் ஆய்வு நிகழ்த்திய உருசிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, அத்தகைய படலத்தை ஆக்கும் பெக்கியற்றோவா என்னும் பற்றீரியா, நச்சு வாயுவாகிய ஐதரசன் சல்பைட்டை ஒட்சியேற்றியே உயிர்வாழ்கின்றது எனக் காட்டினார். 1895இல் ஒல்லாந்து அறிஞர் மார்ட்டினஸ் பெய்யரிங்க், சல்பேற்றைத் தாழ்த்தி அந்நஞ்சைப் பிறப்பிக்கும் வேறொரு பற்றீரியாவை இனங்கண்டார். நஞ்சை ஆக்குவது ஒன்று. அதனைக் குறைப்பது மற்றொன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று. எனவே, வெண்படலம் கேட்டின் அறிகுறியேயன்றிக் காரணமன்று. அதனை அகற்றுவதால் ஏரி பிழைக்காது. ஒட்சிசனை விழுங்கும் சேதனக் கழிவுகள் நீரிற் சேர்வதைத் தடுத்தலே ஏற்ற வழியாகும்.