மண்டபத்தில் பிறந்த பிள்ளைகள்

எங்கள் லிங்கராஜபுரம் கடைத்தெருவில் சாயங்காலம் நடந்தால் வட ஆர்க்காட்டுத் தமிழ், மதுரைத் தமிழ், கோலார் தமிழ் எல்லாம் காதில் விழும். நாமெல்லாம் பிழைப்புக்காக வந்தவர்கள். தீபாவளிக்கு பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதுதான் நம் பெரிய கஷ்டம். திரும்பிப் போக ஊரே இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளின் கதை வேறு.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களில் நிறையப் பேர் மண்டபம் முகாமில்தான் வந்து சேர்ந்தார்கள். விநோதம் பாருங்கள், வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்தி வைத்த இடமும் அதேதான். போகும்போதும் மண்டபம், வரும்போதும் மண்டபம்!

1984இல் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். முகாம் பிள்ளைகளின் படிப்புதான் அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று. அதிலும் ஓர் இடி விழுந்தது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கல்லூரிக் கதவு சாத்தப்பட்டது. மறுபடி திறந்தது 1996இல். அரசாங்கக் கோப்புக்கு ஐந்து வருஷம் ஒன்றுமில்லை. பிளஸ் டூ முடித்த பையனுக்கு?

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் நாம் அகதி என்று சொன்னாலும் சட்டத்துக்கு அவர்கள் வெளிநாட்டினர்தான். அதே 1983இல் சிறுவனாகக் கனடா போன கேரி ஆனந்தசங்கரி 2015இல் அங்கே எம்.பி. ஆனார், பின்னர் அமைச்சரும் ஆனார். மண்டபத்துப் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை.

இனி நான் சொல்லவந்த விஷயம். வங்கியில் இருபது வருஷமாகத் தேதிகளோடு மாரடிப்பவன் என்பதால் இது கண்ணில் பட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அன்றிலிருந்து பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து இன்னும் இறுக்கம். மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக்கூடாது. இந்தத் தேதி தற்செயலாக வந்ததல்ல. பங்களாதேஷிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்களை மனதில் வைத்தே 1986இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆனால் முன்னால் பிறந்தவர்களுக்குக்கூட உரிமை தானாகக் கைக்கு வரவில்லை. 1986இல் பிறந்த ஒரு திபெத்தியப் பெண்ணுக்கு 2010 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் வழிவிட்டது. அதே 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஈழப் பெண் ஒருவர் 2022இல் மதுரைக் கிளைக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 ஏப்ரல் 19 அன்று, 38 வயதில், திருச்சியில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். செய்தியைப் படித்துவிட்டு வீட்டுக்காரியிடம் காட்டினேன். "நீங்கள் போன தேர்தலுக்கு ஊருக்கே போகவில்லையே" என்றாள்.

2021 கணக்கில் முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர், வெளியே 34 ஆயிரம் பேர். அந்த வருஷம் தமிழக அரசு வீடுகளுக்கும் படிப்புக்கும் 317 கோடி ஒதுக்கி, முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாற்றியது. நல்ல காரியம். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்குத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை போட்டது. அதனால் குடியுரிமை வந்துவிடாது. அந்தப் பெண்ணுக்கு 1987 ஆகஸ்டில் முகாமிலேயே ஒரு தம்பி பிறந்திருந்தால், அவனுக்கு ஓட்டு கிடையாது.